அழிக்க மறந்த ஒரு வரி

சென்னையில் ரிஃப்கா வேலை பார்க்கும் அலுவலகத்தில் அவளைப் பற்றி ஒரு கேலி உண்டு. எந்த இணையதளத்தைச் செய்து முடித்தாலும் அவள் தன் திரையை நம்ப மாட்டாள். குத்தாலத்தில் இருக்கும் மாமி மகள் ஷமீராவுக்குப் போன் போட்டு, "உனக்கு என்ன தெரியுது, வாய்விட்டுப் படி" என்பாள். ஷமீரா அடுப்படியில் நின்றாலும் சரி, கல்யாண வீட்டில் இருந்தாலும் சரி, கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் வேலை முடிந்தது என்று ரிஃப்கா எழுதுவாள். சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்கள்கூடச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இப்படி ஒரு பழக்கம் யாருக்கும் சும்மா வந்து ஒட்டிக்கொள்வதில்லை.

அவளுடைய ஊர் மீராங்குடி. நாகப்பட்டினத்துக்குப் பக்கம். ஊரின் ஆண்களில் பாதிப்பேர் துபாய், ஷார்ஜா, பஹ்ரைன், சவூதி. மீதிப்பேர் அங்கே போய்த் திரும்பியவர்கள், இல்லாவிட்டால் விசாவுக்குக் காத்திருப்பவர்கள். இரண்டாயிரத்து ஐந்தில் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு ஒரு ரோஷம் வந்தது. சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் சொந்தமாக இணையதளம் வந்துவிட்டது, நமக்கு மட்டும் இல்லையே என்று. வெளியாளைப் பிடிக்க மனசில்லை. நெய்னா முகம்மதின் மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மாதானே இருக்கிறாள், அவள் செய்யட்டும் என்று முடிவானது. அவள் சும்மா இருந்தது நிஜம்தான். சென்னையிலிருந்து வந்த வேலைக் கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்து, பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று அப்போது சொன்னதும் இதே பெரியவர்கள்தான்.

ஆனாலும் அவள் அந்தத் தளத்தை உயிராகப் பார்த்துக்கொண்டாள். ஊரில் யார் இறந்தாலும் மௌத்து அறிவிப்பு, நிக்காஹ் அழைப்பு, பெருநாள் தொழுகை நேரம், மழை பெய்தால் வாய்க்கால் நிறைந்து ஓடும் படம் எல்லாம் அதில் வரும். எல்லாவற்றுக்கும் மேல் விருந்தினர் பக்கம் என்று ஒன்று இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அதில் சலாம் சொல்லி நாலு வரி எழுதுவார்கள். ஒருவன் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கிறான் என்று அங்கே ஒரு செய்தி வந்தால், அந்த நாட்டில் இருக்கும் மீராங்குடிக்காரர் யாராவது மாலைக்குள் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பார். அது அப்படி உதவிய பக்கம்.

இரண்டாயிரத்து எட்டின் தொடக்கத்தில் எவனோ ஒருவன் பெயர் போடாமல், ஊரில் நிச்சயமாகியிருந்த ஒரு பெண்ணைப் பற்றி அந்தப் பக்கத்தில் அசிங்கமாக எழுதிவைத்தான். நிக்காஹ் நின்றுபோனது. எழுதியவனைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத ஜமாஅத், இனிமேல் ரிஃப்கா படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே எதுவும் வெளியே தெரிய வேண்டும் என்று சட்டம் போட்டது. அவளும் அதற்குத் தகுந்தபடி மாற்றினாள். யார் எழுதினாலும் அது முதலில் ஒரு காத்திருப்புப் பட்டியலில் போய் உட்காரும். அவள் கண்ணில் பட்டு, அவள் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் உலகத்துக்குத் தெரியும்.

அந்த வருடம் மின்சாரம் நேரம் காலம் இல்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. இணையமும் நத்தை. நேராக வெளியே இருக்கும் தளத்தில் கைவைத்து வேலை செய்தால் பாதியில் அறுந்து எல்லாம் கெடும். அதனால் ரிஃப்கா முழுத் தளத்துக்கும் ஒரு நகலைத் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்து, அதை ஓட்டுவதற்கு ஒரு லோக்கல் சர்வரையும் அமைத்துக்கொண்டாள். ஹாலின் மூலையில் இருந்த அந்த ஒரே பெட்டி தானே கடைக்காரனாகவும் தானே வாடிக்கையாளனாகவும் நடந்துகொள்ளும். அங்கே செய்து பார்த்து, சரியாக இருந்தால் வெளியே ஏற்றுவாள்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. தொழில் தெரியாத புதிதில் அவள் ஒவ்வொரு இணைப்பிலும் தளத்தின் முழு முகவரியையும் எழுதிவைத்திருந்தாள். நகலில் எதைத் தட்டினாலும் கம்ப்யூட்டர் வெளியே இருக்கும் அசலுக்குத் தாவிவிடும். இருநூறு பக்கத்தை யார் திருத்துவது? இணையத்தில் தேடி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டருக்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் தளத்தின் பெயரையும் 127.0.0.1 என்ற எண்ணையும் ஒரே வரியில் எழுதினால் போதும். இந்தப் பெயரை யார் கேட்டாலும் வெளியே போகாதே, உன்னிடமே பார் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் அந்த வரியின் முன்னால் ஒரு # குறி போட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. குறியை எடுப்பதும் போடுவதுமாக எட்டு மாதம் ஒருநாள்கூடத் தவறாமல் செய்தாள்.

தனபாக்கியம் அந்தத் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். சுனாமியில் வீடும் படகும் போய், நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருந்தாள். புருஷன் அய்யாவு இரண்டு வருடம் கூலிக்கு அடுத்தவர் படகில் போய்ப் பார்த்தான். பிறகு ஒரு ஏஜெண்டைப் பிடித்து பஹ்ரைனுக்கு, அங்கேயும் மீன்பிடிக்கத்தான், கிளம்பினான். கிளம்பும்போது ரிஃப்கா தளத்தின் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தாள். போன் கிடைக்காவிட்டால் யாரிடமாவது சொல்லி இதில் எழுதச் சொல்லுங்கள், நான் படித்து அக்காவிடம் சொல்கிறேன் என்றாள். ஊர்க்காரர் இல்லையே என்று வாப்பா நெய்னா முகம்மது இழுத்தார். அதெல்லாம் பரவாயில்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

காலையில் ஒன்பதரைக்குத் தனபாக்கியம் வாசலில் கூடையை இறக்குவாள். ரிஃப்காவின் உம்மா சஃபியா மீன் பொறுக்கி எடுத்து முடித்ததும், "தூக்கி விடு பாப்பா" என்பாள். மீன் கூடையை ஒரு ஆள் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, எதிரில் ஒரு கை வேண்டும். அந்தத் தெருவில் அவளுக்கு அந்தக் கை ரிஃப்காதான். உம்மாவுக்குக் கவிச்சி பிடிக்காது, அவள் விலகி நின்றுகொள்வாள்.

நவம்பர் இருபத்து நாலாம் தேதி காத்திருப்புப் பட்டியலில் ஏதோ சில்லறை வேலை. ரிஃப்கா # குறியை எடுத்துவிட்டு நகலில் உட்கார்ந்திருந்தபோது பள்ளிவாசலிலிருந்து போன். அடுத்த தெரு சைத்தூன் பீவி மௌத். மகன்கள் மூன்று பேரும் வெளிநாட்டில், உடனே போட வேண்டும். அறிவிப்பை எழுதி வெளியே ஏற்றினாள். தலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு மௌத்து வீட்டுக்கு ஓடினாள். அன்று மாலை பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. மின்சாரம் இல்லை, டெலிபோன் கம்பம் சாய்ந்து கிடந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதி இணையம் திரும்பி வந்தபோது அந்த வரி அவள் நினைவில் இல்லை. அவ்வளவுதான் அவள் செய்தது. ஒரு குறி போட மறந்தாள்.

தளத்தைத் திறந்தாள், திறந்தது. மௌத்து அறிவிப்பு இருந்தது. எல்லாம் இருந்தது. இருக்காதா பின்னே, அவள் பார்த்தது அவள் பெட்டிக்குள் இருந்த நகலைத்தானே. வெளியே ஏற்றும் வழி வேறு பெயரில் போகிறது, அதை அந்த வரி தொடாது. ஆகவே அவள் அனுப்பியதெல்லாம் ஒழுங்காக வெளியே போய்ச் சேர்ந்தது. வெளியிலிருந்து வருவது மட்டும் அவள் கண்ணுக்கு வரவில்லை. காத்திருப்புப் பட்டியல் துடைத்துவைத்த தட்டுப்போல இருந்தது.

அதே வாரம் தனபாக்கியத்தின் முகமும் சரியில்லை. மழையில் படகு போகாததால் கருவாடு கொண்டுவந்தாள். அய்யாவுவின் போன் ஒரு வாரமாக அணைந்தே கிடக்கிறது என்றாள். அங்கேயும் கடல் மோசமாக இருக்கும், கரைக்கு வந்ததும் பேசுவார் என்று ரிஃப்கா ஆறுதல் சொன்னாள். அதிலிருந்து மறுநாளும் அதற்கு மறுநாளும் கூடையை இறக்குவதற்கு முன்பே, "ஏதாவது எழுதியிருக்கா பாப்பா" என்று கேட்க ஆரம்பித்தாள். ரிஃப்கா அவள் கண் முன்னாலேயே திறந்து காட்டுவாள். வாசற்படியில் நின்றபடியே தனபாக்கியம் ஹாலின் மூலையில் தெரியும் வெள்ளைத் திரையை எட்டிப் பார்ப்பாள். படிக்கத் தெரியாவிட்டாலும் வெறுமையாக இருப்பது யாருக்கும் தெரியும். பிறகு கூடையைத் தூக்கிவிடச் சொல்லிப் போய்விடுவாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள். எந்த வருடமும் அன்றைக்கு வாழ்த்துகள் கொட்டும். அந்த வருடம் ஒன்றுகூட இல்லை. துபாயில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், கட்டடமெல்லாம் பாதியில் நிற்கிறது என்று பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த சமயம். பாவம், யாருக்கு வாழ்த்து எழுத மனசு இருக்கும் என்று ரிஃப்கா தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். ஷார்ஜாவிலிருந்து மீரா உசேன் என்பவர் போன் செய்து, நான் எழுதியதை ஏன் போடவில்லை, என்னை ஊர்விலக்கமா செய்திருக்கிறீர்கள் என்று எகிறினார். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை காக்கா, மறுபடி எழுதுங்கள் என்று அண்ணன் முறை வைத்துப் பணிவாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கதவைத் தட்டிச் சொன்னது போலத்தான் அந்தப் போன். அவளுக்கு உறைக்கவில்லை. தன் வேலையில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை.

பதினெட்டாம் தேதி காலை எட்டு மணி இருக்கும். விருந்தினர் பக்கத்துக்குப் பச்சையை எடுத்துவிட்டு நீலம் பூசி முந்தின நாள் ஏற்றியிருந்தாள். பெருமையடித்துக்கொள்ள ஷமீராவுக்குப் போன் போட்டாள். குத்தாலத்தில் ஷமீராவின் வீட்டில் அப்போதுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள்.

"நீலமா? இங்க பச்சையாத்தான் இருக்கு" என்றாள் ஷமீரா.

ரிஃப்கா மூடித் திறக்கச் சொன்னாள். மூடித் திறந்தும் பச்சைதான். நீலத்தை ஏற்றியபோது இணையம் பாதியில் அறுந்திருக்கிறது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் தன் திரையில் நீலம் எப்படித் தெரிகிறது என்று ரிஃப்கா யோசித்தாள். ஷமீரா அந்தப் பக்கம் கூப்பிடக் கூப்பிட ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தாள். குறி இல்லாமல் அந்த வரி அப்படியே இருந்தது. குறியைப் போட்டாள். காத்திருப்புப் பட்டியலை மறுபடி திறந்தாள். அறுபத்தொன்று என்று காட்டியது.

முக்கால்வாசியும் பெருநாள் வாழ்த்துகள். நடுவில் மூன்று, ஒரே ஆள் எழுதியவை. முதலாவது டிசம்பர் இரண்டாம் தேதி போட்டது.

"நான் ஒரத்தநாடு சிங்காரவேலு. பஹ்ரைன் முஹர்ரக் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. நாகப்பட்டினம் அய்யாவு என்பவருக்காக எழுதுகிறேன். அவர் காலில் திருக்கை முள் குத்தி வீங்கியிருக்கிறது. போன் கடலில் விழுந்துவிட்டது, எந்த நம்பரும் நினைவில்லை. பெட்டியில் உங்கள் தளத்தின் பெயர் எழுதிய தாள் இருந்தது. படகு முதலாளி ஹஜ்ஜுக்குப் போயிருக்கிறார், இவருடைய அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் அவரிடம், அவை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக இவர் பயப்படுகிறார். உங்கள் ஊர்க்காரர் யாராவது இங்கே இருந்தால், வந்து முதலாளி வீட்டில் அரபியில் ஒரு வார்த்தை பேசச் சொல்லவும். தனபாக்கியத்திடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார்."

இரண்டாவது ஏழாம் தேதி. முழங்கால் வரை கறுத்துவிட்டது, காய்ச்சல் விடவில்லை, இன்னும் யாரும் வரவில்லை, தயவுசெய்து என்று இருந்தது. மூன்றாவது பதின்மூன்றாம் தேதி. பத்தாம் தேதி நானே டாக்ஸியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், நாள் கடத்திவிட்டீர்கள் என்றார்கள், அய்யாவு நேற்று இறந்துவிட்டார், உடலை அனுப்ப வீட்டாரின் நம்பர் வேண்டும் என்று எழுதியிருந்தது.

இதைவிடக் கொடுமை ஒன்று அந்தப் பட்டியலிலேயே இருந்தது. ஏழாம் தேதி வந்த "தயவுசெய்து" என்ற வரிக்கு நேர் மேலே, எட்டாம் தேதி வந்த ஒரு பெருநாள் வாழ்த்து. எழுதியவர் மீராங்குடி ஜாஃபர் சாதிக். முஹர்ரக்கில் இருபது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், அரபி தண்ணீர் பட்ட பாடு. கடையின் போன் நம்பரையும் அடியில் போட்டு, பஹ்ரைனில் யாருக்கு என்ன உதவி என்றாலும் தயங்காமல் கூப்பிடுங்கள் என்று முடித்திருந்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. இருவரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு, ரிஃப்கா பார்க்கட்டும் என்று ஒருவர் மேல் ஒருவராகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் போட்ட சத்தத்தில் வாப்பா ஓடிவந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். நெய்னா முகம்மது கெட்டவர் இல்லை. உடனே ஜாஃபர் சாதிக்குக்குப் போன் போட்டு, உடலை அனுப்ப வேண்டியதைப் பார்க்கச் சொன்னார். அந்த மனிதர் அந்தப் பக்கம் அழுதுவிட்டார். துறைமுகத்துக்கு என் கடையிலிருந்து நடந்தே போகலாமே என்றாராம். போனை வைத்துவிட்டு வாப்பா மகளைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசினார்.

"மௌத்தான சேதிய மட்டும் சொல்லும்மா. தேதியெல்லாம் சொல்லணும்னு என்ன இருக்கு? அல்லா போட்ட விதி. ஜமாஅத்து பேரும் கெட வேணாம்."

உம்மாவும் அதையேதான் சொன்னாள். ஒன்பதரைக்குத் தனபாக்கியம் வந்தாள். அன்றைக்கு நல்ல சங்கரா மீன் விழுந்திருந்தது. கூடையை இறக்குவதற்குள் அவள் வாய், ஏதாவது எழுதியிருக்கா என்று கேட்டுவிட்டது. ரிஃப்கா மரணத்தை மட்டும் சொன்னாள். தேதியைச் சொல்லவில்லை. மீன் வாசலெல்லாம் சிதறிக் கிடக்க அந்தப் பெண் தெருவில் விழுந்து அழுததை மீராங்குடியில் இன்னும் சொல்வார்கள். கவிச்சி ஆகாத சஃபியா அன்று அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உடல் ஜனவரி முதல் வாரம் வந்தது. ரிஃப்கா வாப்பாவோடு குடியிருப்புக்குப் போய்ப் பெட்டியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. தெரியாமல் செய்தது என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்கவில்லை. மறந்தது தெரியாமல்தான். மறைப்பது தெரிந்துதானே என்று அது திருப்பிக் கேட்டது.

கருமாதி முடிந்து மாசக் கடைசியில் தனபாக்கியம் மறுபடி கூடையோடு வந்தாள். வெறும் நெற்றி, ஒடுங்கிய கன்னம். தொழிலை விட்டுவிட்டு என்ன செய்வது என்றாள். உம்மா காரப்பொடி மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் ரிஃப்கா அவளைக் கையைப் பிடித்து ஹாலுக்குள் கூட்டிவந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தாள். தனபாக்கியம் அந்த வீட்டுக்குள் வந்ததே அன்றுதான். மீன் தண்ணீர் பட்ட சேலையை ஒதுக்கிக்கொண்டு நுனியில் உட்கார்ந்தாள்.

ரிஃப்கா சொன்னாள். வரியையும் குறியையும் சொன்னாள். தனபாக்கியத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ தினமும் பார்த்தியே பாப்பா, நானும்தானே வாசல்ல நின்னு பார்த்தேன், உன்மேல என்ன குத்தம் என்று அவளே ரிஃப்காவின் தலையைத் தடவினாள். அதைத் தாங்க முடியவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். வாப்பாவின் பேச்சையும் காப்பாற்றினதாகும், மன்னிப்பும் கிடைத்ததாகும். விடாமல், ரிஃப்கா அந்த மூன்றையும் திறந்து வாய்விட்டுப் படித்தாள். தேதியோடு படித்தாள்.

தனபாக்கியம் திரையை விரலால் தொட்டாள். பிறகு, "அப்ப நாம தெனமும் பார்த்தது?" என்றாள்.

"இந்தப் பொட்டிக்குள்ளயேதான் பார்த்துக்கிட்டிருந்தோம்க்கா. வெளியில பார்க்கவே இல்ல."

"மொதல்ல எழுதினது என்னைக்கு?"

"ரெண்டாம் தேதி. செவ்வாக்கெழம."

"கருவாடு கொண்டாந்தேனே, அந்த வாரம். மறுநாளும் வந்து கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் வரலன்னு சொன்னேன்" என்றாள் ரிஃப்கா.

தனபாக்கியம் தலையை ஆட்டினாள். எழுந்து வாசலுக்குப் போனாள். ரிஃப்கா வழக்கம்போலப் பின்னாலேயே போய் எதிரில் குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தாள்.

"வேணாம் பாப்பா" என்றாள் தனபாக்கியம்.

கூடையை முதலில் முழங்காலுக்கு ஏற்றினாள். அங்கிருந்து வாசல் சுவரின் மேல் சாய்த்து, குனிந்து, தலையை அடியில் கொடுத்து மெல்ல நிமிர்ந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு மீன் கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. ரிஃப்கா நீட்டிய கையோடு அங்கேயே நின்றாள்.